டர்போபிராப் வாங்கும் முன்: மேற்கு டெக்சாஸ் டாக்டருக்கு ஒரு பதில்

வாசகர் கடிதம், சுருக்கமாக: மேற்கு டெக்சாஸில் சொந்தமாக இதயநோய் கிளினிக் நடத்தும் 54 வயது மருத்துவர் எழுதியிருக்கிறார். கிரீன் கார்டு வைத்திருப்பவர். சிர்ரஸ் எஸ்ஆர்22 என்ற பிஸ்டன் இன்ஜின் விமானத்தைத் தானே ஓட்டுகிறார். இதுவரை 900 மணி நேரம் பறந்திருக்கிறார், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) உண்டு, மருத்துவத் தகுதி பேசிக்மெட் என்ற எளிய வழியில். மாதம் இரண்டு தடவை 180 கடல் மைல் தள்ளியிருக்கும் கிளை கிளினிக்குக்குப் போகிறார். மாதம் ஒரு தடவை, மகன் படிக்கும் ஹூஸ்டனுக்கு, ஒரு வழிக்கு 400 கடல் மைல். வருஷத்தில் பத்துத் தடவை டாலஸ். இரண்டு தடவை நியூஜெர்சியில் மனைவியின் பெற்றோர் வீடு, ஏறக்குறைய 1,380 கடல் மைல். ஊரிலிருந்து வரும் அவருடைய அம்மா (78 வயது) வருஷத்தில் ஐந்து மாதம் இவர்களோடு இருக்கிறார்.

இப்போது டர்போபிராப், அதாவது டர்பைன் இன்ஜின் புரொப்பல்லரைச் சுழற்றும் விமானம், வாங்க நினைக்கிறார். கையில் மூன்று விலைகள்: 1983 கிங் ஏர் பி200, 11 லட்சம் டாலர், 2009 டிபிஎம் 850, 20 லட்சம், 2011 பிலேட்டஸ் பிசி-12, 36 லட்சம். புது டிபிஎம் 960 மீதும் ஆசை. எச்-1பி விசாவில் இருக்கும் மைத்துனரோடு சேர்ந்து ஓர் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள நிறுவனம்) தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம், முழு விலையையும் முதல் வருஷமே வரியில் கழித்துவிடலாம், நண்பர்களை ஏற்றிக்கொண்டு மணிக்கு ஆயிரம் டாலர் வாங்கினால் செலவு ஈடாகிவிடும் என்பது அவர் திட்டம். இரண்டு இன்ஜின் பாதுகாப்பு, விலையும் குறைவு என்பதால் மனம் கிங் ஏர் பக்கம் சாய்ந்திருக்கிறது. தரகர் பத்து நாளில் முன்பணம் கேட்கிறார். மனைவியின் கேள்வி ஒன்றுதான்: "மேலே போனப்புறம் உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நாங்க என்ன செய்றது?"

அன்புள்ள டாக்டர்,

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். உங்கள் திட்டத்தில் மூன்று இடங்களில் சட்டச் சிக்கல் இருக்கிறது. செலவுக் கணக்கில் பெரிய தொகைகள் விடுபட்டிருக்கின்றன. விமானம் வாங்குவதையே நான் தடுக்கவில்லை. உங்களுக்குப் பொருந்தக்கூடிய விமானம் உங்கள் பட்டியலில் இல்லை என்று மட்டும் நினைக்கிறேன்.

முதலில் உங்கள் பயணங்களையே எடுத்துக்கொள்வோம். டர்போபிராப்பில் கணக்கிட்டால் கிளினிக்குக்கு வருஷம் 36 மணி நேரம், ஹூஸ்டனுக்கும் அவ்வளவே, டாலஸுக்கு 20, நியூஜெர்சிக்கு 20, பயிற்சிக்குக் கொஞ்சம். ஆக 120 மணி. இதில் நியூஜெர்சியைத் தவிர மற்ற எல்லாமே 180 முதல் 400 கடல் மைல் தூரம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் நியூஜெர்சியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எது நிற்காமல் போகும், எது எத்தனை மணியில் போகும் என்பதே கேள்வியாக இருக்கிறது. வருஷத்தில் இரண்டே தடவை போகும் ஊருக்காக, மற்ற நாற்பத்தாறு பயணத்துக்கும் தேவைப்படாத விமானத்தை வாங்கிவிடாதீர்கள். கூட்டம் நிரம்பிய கிறிஸ்துமஸ் நாளில்கூட நால்வருக்கு ஏர்லைன் டிக்கெட் எடுப்பது இதைவிட மிகவும் மலிவு.

வேகத்தால் மிச்சமாவது எவ்வளவு?

டிபிஎம் 960 உச்ச வேகத்தில் 330 நாட் (மணிக்கு 330 கடல் மைல்) போகும். 2009 டிபிஎம் 850 ஏறக்குறைய 320 தரும். பிசி-12 சுமார் 270 முதல் 280, பி200-உம் அதை ஒட்டித்தான். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து நடைமுறை வேகத்தில் பார்த்தால், 400 கடல் மைலுக்கு டிபிஎம் 850-க்கும் பிசி-12-க்கும் இடையில் பன்னிரண்டு நிமிஷம் வரும். உங்கள் கிளை கிளினிக்குக்கு ஐந்து நிமிஷம். நியூஜெர்சியை விட்டுவிட்டு வருஷம் முழுக்கக் கூட்டினாலும் 12 மணி நேரத்தைத் தாண்டாது. புது 960-க்கும் பழைய 850-க்கும் உள்ள பத்து நாட் வித்தியாசத்தை நீங்கள் உணரக்கூட மாட்டீர்கள். ஆகவே இந்த விமானங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேகம் ஒரு காரணமே அல்ல.

இப்போதைய சிர்ரஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உண்டு. ஹூஸ்டனுக்கு ஒரு மணி நேரம், டாலஸுக்கு அரை மணிக்குச் சற்று மேல், கிளினிக்குக்கு அரை மணிக்குச் சற்றுக் குறைவு மிச்சமாகும். வருஷத்துக்கு 58 மணி நேரம் போல வருகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், செலவுக் கணக்கில் மறுபடி தேவைப்படும்.

"டர்போபிராப் என்றால் எல்லா வானிலைக்கும் மேலே பறந்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த விமானங்கள் சாதாரணமாகப் பறப்பது 28,000 அடியில். உங்கள் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் எழும் இடிமேகங்கள் 50,000 அடியைத் தொடும். அவற்றுக்கு மேலே போக முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். விமானத்தின் மேல் பனி உறைவதற்கும் இதே பதில்தான். 2011 டிசம்பரில் நியூஜெர்சி மோரிஸ்டவுன் அருகே ஒரு டிபிஎம் 700 கடும் பனியில் சிக்கி நெடுஞ்சாலையில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். பனியை எதிர்கொள்ளும் கருவிகளோடு, அதற்கான அனுமதியும் பெற்ற வகை விமானம்தான் அது. பனியிலிருந்து சீக்கிரம் வெளியேற அந்தக் கருவிகள் நேரம் வாங்கித் தரும். உள்ளேயே பறந்துகொண்டிருக்க அவை போதாது.

இரண்டு இன்ஜின் பற்றி

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது பிஸ்டன் இன்ஜின் அனுபவத்திலிருந்து வருகிறது. இந்த எல்லா விமானங்களிலும் இருப்பது பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6 குடும்ப இன்ஜின். 1960-இல் முதன்முதலாக ஓடிய வடிவம், அறுபது வருஷத்துக்கும் மேலாகத் திருத்தப்பட்டு வருகிறது. நடுவானில் நின்றுபோவது மிக அரிது. நின்றாலும் பிசி-12 போன்ற விமானம் 28,000 அடியிலிருந்து காற்று வீசாத நிலையில் ஏறக்குறைய 70 கடல் மைல் சறுக்கிப் போகும். மேற்கு டெக்சாஸின் சமவெளியில் அந்தச் சுற்றளவுக்குள் ஏதாவது ஓர் ஓடுபாதை பெரும்பாலும் இருக்கும்.

இரண்டு இன்ஜின் விமானத்தில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தரையை விட்டுக் கிளம்பிய சில வினாடிகளில் ஒன்று நின்றால், மற்றொன்றின் இழுப்பு விமானத்தை ஒரு பக்கம் திருப்பும். அந்த நேரத்தில் கால், கை, வேகம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இதையே தொழிலாகச் செய்யும் பைலட்டுக்கு இரண்டாவது இன்ஜின் வரம். வாரத்தில் இரண்டு மணி நேரம் பறக்கும் இதயநோய் மருத்துவருக்கு அதே இன்ஜின் கூடுதல் சுமையாகலாம். அப்புறம், கிங் ஏர் ஓட்ட மல்ட்டி இன்ஜின் ரேட்டிங் வேண்டும். உங்களிடம் அது இல்லை. ரேட்டிங் வாங்கினாலும், இரண்டு இன்ஜின் விமானத்தில் போதுமான மணிநேரம் சேரும் வரை இன்சூரன்ஸ் நிறுவனம் உங்களைத் தனியாக ஓட்ட விடாது. தொழில்முறை பைலட் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளச் சொல்லும். அந்தச் சம்பளம் உங்கள் கணக்கில் இல்லை.

டிபிஎம்மைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 850 குதிரைத்திறன் உள்ள இன்ஜின் அது. தரையிறங்கும் கடைசி நேரத்தில் வேகம் குறைந்திருக்கும்போது, மறுபடி மேலே போக வேண்டும் என்று இன்ஜின் சக்தியைக் கூட்டும் லீவரை ஒரேயடியாகத் தள்ளினால் விமானம் இடப்பக்கம் புரளப் பார்க்கும். இப்படி நடந்த விபத்துகள் உண்டு. சிர்ரஸ் பழக்கத்தில் கை தானாக அதைத்தான் செய்யும். சிமுலேட்டரில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகாமல் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

செலவு: எரிபொருள் ஒரு சிறு பகுதிதான்

"எரிபொருள் 360 டாலர், பராமரிப்பு சேர்த்து மணிக்கு 500 ஆகும்" என்று போட்டிருக்கிறீர்கள். டிபிஎம் 850-க்கு எரிபொருள் எண் சரி. மணிக்கு 60 காலன், காலன் 6 டாலர். மற்றதை நான் போட்டுப் பார்க்கிறேன். இவை திட்டமிடுவதற்கான எண்கள். உங்கள் ஊர் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகையும் இன்சூரன்ஸ் மதிப்பீடும் கைக்கு வந்ததும் திருத்திக்கொள்ளுங்கள்.

120 மணிக்கு எரிபொருள் 43,000 டாலர். இந்த இன்ஜினுக்கு 3,500 மணியில் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பது), அதற்கு ஐந்து லட்சம் என்று வைத்தால் மணிக்கு 143 டாலர் ஒதுக்க வேண்டும், வருஷத்துக்கு 17,000. வருஷாந்திரச் சோதனை, உதிரிபாகம், எதிர்பாராத பழுது எல்லாம் சேர்த்து 40,000. இன்சூரன்ஸ் முதல் வருஷம் 35,000 வரை போகலாம், ஏனென்றால் நீங்கள் டர்போபிராப்புக்குப் புதியவர். வருஷாந்திர சிமுலேட்டர் பயிற்சி 12,000, ஹேங்கர் 12,000, வழிகாட்டித் தரவுச் சந்தாக்கள் 8,000. கூட்டினால் 1,67,000. மணிக்கு 1,400 டாலர். இதற்கு மேல், 20 லட்சம் வேறெங்கும் போடப்படாமல் இதில் முடங்குகிறது. ஆறரை சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு 1,30,000. அதையும் சேர்த்தால் மணிக்கு 2,500-ஐ நெருங்கும்.

இப்போது அந்த 58 மணி நேரத்துக்கு வருவோம். சிர்ரஸுக்கு எல்லாம் சேர்த்து வருஷம் 60,000 ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டர்போபிராப்புக்கு மாறும்போது கூடுதலாகும் தொகையை மிச்சமாகும் நேரத்தால் வகுத்தால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 4,000 டாலருக்குப் பக்கத்தில் கொடுக்கிறீர்கள். நேரத்துக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அழுத்தம் சமன்செய்த கேபினில் ஆக்ஸிஜன் குழாய் இல்லாமல் அம்மா உட்கார்ந்து வருவது, குளிர்காலத்தில் பனி மேகத்தைத் துளைத்து மேலே ஏறிவிடுவது, பிஸ்டனைவிட நம்பகமான இன்ஜின், இவற்றுக்காக என்றால் அது வேறு விஷயம். அதற்கு விலை போட வேண்டியது நீங்களும் உங்கள் மனைவியும்தான்.

கிங் ஏருக்கு இதே கணக்கு: மணிக்கு 100 காலன். வேகம் குறைவு என்பதால் 130 மணி, எரிபொருளுக்கே 78,000. ஓவர்ஹாலுக்குப் பணம் ஒதுக்க வேண்டிய இன்ஜின்கள் இரண்டு, இவற்றுக்கு 3,600 மணி. 200 மணிக்கு ஒரு கட்டமாக நான்கு கட்டச் சோதனை. குறைவாகப் பறந்தாலும் நான்கும் 24 மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். சக்கரத் தொகுதிக்கு ஆறு வருஷத்தில் ஓவர்ஹால், புரொப்பல்லர்களுக்கும் காலக்கெடு உண்டு. இவையெல்லாம் நாட்காட்டியைப் பார்ப்பவை, நீங்கள் எத்தனை மணி பறந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. குறைவாகப் பறப்பவருக்கு இதுதான் சுமை. பராமரிப்புக்கு 90,000 வைத்தால் மொத்தம் 2,67,000-ஐத் தொடுகிறது, அதாவது டிபிஎம்மைவிட ஒரு லட்சம் அதிகம். விலை 9 லட்சம் குறைவு என்பதால் முடங்கும் பணத்தில் 58,000 மிச்சம். அதைக் கழித்தாலும் வருஷத்துக்கு 40,000 டாலர் கூடுதல். 1983-இல் செய்த விமானத்தில் பழுது எப்போது வரும், எத்தனை வாரம் தரையில் நிற்கும் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. நல்ல விமானம்தான் அது. நாளும் பறக்கும் நிறுவனத்துக்கு, சம்பளம் வாங்கும் பைலட் கையில். உங்களுக்கு அல்ல.

பிசி-12 மீது எனக்கு மதிப்பு அதிகம். பின்பக்கம் ஒரு பெரிய சரக்குக் கதவு, பெரும்பாலானவற்றில் கழிவறை, மண் ஓடுபாதையிலும் இறங்கும் வலு. ஆறேழு பேரோடு அடிக்கடி மூன்று மணி நேரம் பறக்கும் குடும்பம் என்றால் யோசிக்காமல் அதைச் சொல்லியிருப்பேன். உங்கள் பயணங்களில் பெரும்பாலும் இரண்டு பேர்தான். 16 மீட்டருக்கும் மேல் அகலமான இறக்கை இப்போது சிர்ரஸ் நிற்கும் சிறு ஹேங்கரில் நுழையாது. 36 லட்சத்துக்கு இன்சூரன்ஸும் அந்த அளவில்தான் இருக்கும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று

உங்கள் மனைவியின் கேள்வியை நீங்கள் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் அதை முதலில் வைப்பேன். நீங்கள் ஒருவரே பைலட். உங்கள் வயதில் என்ன நடக்கலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பைப்பர் எம்600 எஸ்எல்எஸ் என்ற விமானத்தைப் பாருங்கள். கார்மின் நிறுவனத்தின் ஆட்டோலேண்ட் வசதியோடு முதன்முதலில் சான்று பெற்ற விமானம் அதுதான், 2020 மே மாதம். பைலட் மயங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வானிலை, ஓடுபாதை நீளம், மீதமுள்ள எரிபொருள் எல்லாம் பார்த்து விமானமே ஒரு விமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும், கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கும், இறங்கி நின்று இன்ஜினை அணைக்கும். புது டிபிஎம்மிலும் ஹோம்சேஃப் என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது, ஆனால் விலை வேறு உயரத்தில். உங்கள் கையில் உள்ள 2009 டிபிஎம் 850-இல் இது இல்லை.

எம்600-க்கு 600 குதிரைத்திறன், உச்ச வேகம் 274 நாட், மணிக்கு 45 முதல் 50 காலன். ஹூஸ்டனுக்கு டிபிஎம் 850-ஐவிடக் கால் மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். ஆறு இருக்கை, 13 மீட்டர் இறக்கை. முழு டாங்க் நிரப்பினால் ஐந்து பேரை ஏற்ற முடியாது, இது அதன் குறை. ஆனால் 400 கடல் மைலுக்கு முழு டாங்க் தேவையில்லை, பாதிக்குச் சற்று மேல் போதும். கழிவறை இல்லை. உங்கள் பயணம் ஒன்றரை மணி நேரத்தில் முடிவதால் அம்மாவுக்கு அது சிரமம் தராது என்று நினைக்கிறேன், கிளம்புமுன் அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2020-க்குப் பிந்தைய விமானம் என்பதால் கேட்கும் விலை உங்கள் டிபிஎம் 850-ஐவிடக் கூடுதலாக இருக்கும். எரிபொருளிலும் பழுதிலும் அதில் ஒரு பகுதி திரும்பி வரும், முழுதும் வராது. மீதியை உங்கள் மனைவியின் கேள்விக்கான விலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர், பங்கு, பதிவு

இங்கேதான் உங்கள் திட்டம் உடைகிறது. அமெரிக்காவில் விமானப் பதிவு, கார் பதிவு போல இல்லை. தனிநபராக அமெரிக்கக் குடிமகனும் பதிவு செய்யலாம், கிரீன் கார்டு உள்ளவரும் பதிவு செய்யலாம். ஆகவே உங்கள் சொந்தப் பெயரில் வாங்கினால் ஒரு தடையும் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. மைத்துனர் நேரடிப் பங்குதாரராக வந்தால் பதிவே செல்லாது.

எல்எல்சி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். நிறுவனத்தின் பெயரில் குடிமகன் என்ற தகுதியில் பதிவு செய்ய, வாக்குரிமைப் பங்கில் குறைந்தது 75 சதவீதம் அமெரிக்கக் குடிமக்களிடம் இருக்க வேண்டும், தலைவரும் நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினரும் குடிமக்களாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் கிரீன் கார்டு சேராது. தனிநபராக உங்களுக்கு இருக்கும் உரிமை, நிறுவனத்துக்குள் நுழைந்ததும் போய்விடுகிறது. குடிமகன் அல்லாத நிறுவனத்துக்கும் ஒரு வழி உண்டு: பறக்கும் மணி நேரத்தில் 60 சதவீதமாவது அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், அதைக் காட்டும் பதிவேடு வைத்திருக்க வேண்டும். ஓனர் டிரஸ்ட் (குடிமகனான அறங்காவலர் பெயரில் பதிவு செய்வது) என்ற வழியும் இருக்கிறது, அதற்கு வருஷாவருஷம் கட்டணம். மைத்துனருக்காக இவ்வளவு சுமக்க வேண்டுமா என்று யோசியுங்கள். அவர் உங்களோடு பறப்பதற்குப் பங்குதாரர் ஆக வேண்டியதில்லை.

எல்எல்சி உங்கள் சொத்தைக் காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். விமானத்தை ஓட்டுபவர் நீங்களே. ஓட்டியதில் கவனக்குறைவு என்று வழக்கு வந்தால் அது நேராக உங்கள் மேல்தான் வரும், எல்எல்சி நடுவில் நிற்காது. உங்களைக் காப்பது நல்ல இன்சூரன்ஸ். பாலிசியில் பத்து லட்சம் டாலர் என்று எழுதியிருக்கும். கீழே சிறிய எழுத்தில் "பயணி ஒருவருக்கு ஒரு லட்சம்" என்ற உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும். மருத்துவ நண்பர் ஒருவருக்குக் காயம் பட்டால் அவருடைய வருமான இழப்புக்கு அந்த ஒரு லட்சம் எந்த மூலைக்கு? உள்வரம்பு இல்லாத பாலிசியைக் கேளுங்கள், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை.

நண்பர்களிடம் வாங்கும் ஆயிரம் டாலர்

தயவுசெய்து வேண்டாம். பிரைவேட் பைலட் லைசென்ஸில், உங்களுக்கும் அந்த ஊரில் வேலை இருந்து எல்லோரும் சேர்ந்து போனால், அந்தப் பயணத்தின் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை விமானம் என்றால் அந்த வாடகை, இவற்றை மட்டும் தலைக்குச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் பங்கை நீங்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும். இன்ஜின் ஒதுக்கீடு, ஹேங்கர், இன்சூரன்ஸ் எதையும் பிரிக்கக் கூடாது. மணிக்கு ஆயிரம் என்று வாங்கினால் அது அனுமதியில்லாத சார்ட்டர், அதாவது கட்டணத்துக்கு ஆள் ஏற்றும் சேவை. லைசென்ஸ் போகும், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் அபராதம் வரும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கும், அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அடி.

இதே இடத்தில் இன்னொரு குழியும் இருக்கிறது. விமானத்தை வைத்து ஓட்டுவதற்கென்றே ஒரு தனி எல்எல்சி தொடங்கி, உங்கள் கிளினிக் அதற்குப் பயணக் கட்டணம் கொடுப்பது போல் அமைத்தால், அதையும் எஃப்ஏஏ சார்ட்டராகவே பார்க்கும். உங்களுடைய இரண்டு நிறுவனங்களுக்கு இடையில்தான் பணம் கைமாறுகிறது என்றாலும் பதில் அதுவே.

வரி

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், அந்த வருஷம் ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கும் தொழில் சொத்துகளுக்கு முதல் வருஷமே 100 சதவீதத் தேய்மானத்தைத் திரும்பக் கொண்டுவந்தது உண்மை. பழைய விமானத்துக்கும் அது பொருந்தும். ஆனால் தொழில் பயன்பாடு 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். உங்கள் 120 மணியில் கிளினிக் பயணம் 36 மணி. முப்பது சதவீதம். நியூஜெர்சியை எடுத்துவிட்டாலும் பாதியைத் தொடாது. மகனைப் பார்க்கப் போவதைத் தொழில் பயணம் என்று எழுதச் சொல்லும் கணக்காளர் கிடைத்தால் வேறு கணக்காளரைப் பாருங்கள். தணிக்கை வந்தால் ஒவ்வொரு பயணத்திலும் யார் யார் ஏறினார்கள், எதற்காக என்று கேட்பார்கள்.

தகுதி கிடைத்தாலும் அந்தப் பணம் முழுக்க உங்களுடையது ஆகிவிடாது. பின்னால் விற்கும்போது, கழித்த தேய்மானத்தின் அளவு வரை வரும் லாபத்துக்குச் சாதாரண வருமான விகிதத்தில் வரி கட்ட வேண்டும். ஒன்றை விற்று அடுத்ததை வாங்கி அந்த வரியைத் தள்ளிப்போடும் வசதி 2018 முதல் விமானங்களுக்கு இல்லை. அப்புறம், டெக்சாஸ் மாநில விற்பனை வரி 6.25 சதவீதம். 20 லட்சத்துக்கு அதுவே 1,25,000 டாலர், உள்ளூர் வரி தனி. உங்கள் கணக்கில் இதற்கு இடமே இல்லை. கிளினிக் பயணங்களுக்கு மட்டும் எவ்வளவு கழிக்கலாம் என்பதை விமான வரியில் பழக்கமுள்ள சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) ஒருவரிடம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியவை

பேசிக்மெட்டில் 18,000 அடிக்கு மேல் பறக்க முடியாது. அந்த உயரத்தில் டர்போபிராப் எரிபொருளை அதிகம் குடிக்கும், வேகமும் வராது, வாங்கியதன் பயனே போய்விடும். ஆகவே முதல் வேலை மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று. அதில் ஏதாவது சிக்கல் இருந்தால் பணம் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். 25,000 அடிக்கு மேல் பறக்கும் விமானத்துக்கான ஒப்புதலும், மடங்கும் சக்கரத்துக்கான ஒப்புதலும் உங்கள் லாக்புக்கில் ஏற வேண்டும். இவை பயிற்சியோடு சேர்ந்தே வந்துவிடும். 12,500 பவுண்டுக்கு உட்பட்ட டர்போபிராப் என்பதால் தனி டைப் ரேட்டிங் (அந்த ஒரு மாடலுக்கான தகுதி) வேண்டியதில்லை.

இரண்டாவது, விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இன்சூரன்ஸ் தரகரிடம் எம்600, டிபிஎம் 850 இரண்டுக்கும் உங்கள் பெயரில் மதிப்பீடு வாங்குங்கள். எத்தனை மணி நேரம் பயிற்றுநரோடு பறக்கச் சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அந்தப் பதிலே பாதி முடிவைச் செய்துவிடும்.

மூன்றாவது, சோதனை. விற்பவர் வழக்கமாக விமானத்தை விடும் பட்டறையில் செய்யக் கூடாது. இன்ஜினின் சூடான பகுதியை போர்ஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும், அரிப்பு பார்க்க வேண்டும், விமானம் பிறந்த நாளிலிருந்து அதன் லாக்புக் முழுதும் இருக்க வேண்டும். லாக்புக் ஒன்று தொலைந்த விமானத்தை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள், விற்கும்போது அதே பேரத்தை உங்களிடம் பேசுவார்கள். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பதிவகத்தில் கடன் பாக்கி, அடமானம் ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். 550 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜினுக்கு சர்வதேசப் பதிவேட்டில் தனியாகவும் தேட வேண்டும்.

கடைசியாக, அந்தப் பத்து நாள் கெடு. முன்பணம் விற்பவரிடமோ தரகரிடமோ போகக் கூடாது, இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருக்கும் எஸ்க்ரோ நிறுவனத்தில் இருக்க வேண்டும். சோதனை முடிந்து "ஏற்றுக்கொள்கிறேன்" என்று நீங்கள் எழுத்தில் சொல்லும் வரை காரணம் கேட்காமல் முழுதாகத் திரும்பித் தர வேண்டும். இந்த இரண்டு வாசகமும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கிங் ஏர் தரகர் இதற்கு ஒத்துக்கொண்டாலும் என் பதில் மாறாது. எம்600 ஒன்று கண்ணில் பட்டதும் அதன் வரிசை எண்ணையும், விற்பவர் அனுப்பும் வரைவு ஒப்பந்தத்தையும், பழைய எடைப் பதிவுத் தாளையும் அனுப்பி வையுங்கள். உங்கள் குடும்பத்தின் எடையைப் போட்டு, ஹூஸ்டன் பயணத்துக்கு எவ்வளவு எரிபொருள் ஏற்றலாம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.